டெல்டாவில் இருந்துகொண்டு கூடாரம் போட்டுத் தங்கும் பயணங்களுக்கு எந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கலாம்? என்னென்ன மாட்ட வேண்டும்?

கேட்டவர் திருவாரூர்க்காரர். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதம் ஒருமுறை எங்காவது போய்க் கூடாரம் அடித்துத் தங்க ஆசை. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா ஆகிய மூன்று வண்டிகளில் எது, அதில் என்னென்ன மாட்டலாம் என்று கேட்டிருக்கிறார். நான் மன்னார்குடிப் பக்கம். முதலில் பழைய ஜிப்சி வைத்திருந்தேன், இப்போது ஜிம்னி.

"மலையும் இல்லை, பாறையும் இல்லை, நம்ம ஊருக்கு எதுக்கு ஃபோர் வீல்?" என்று என் சித்தப்பா இன்னும் கேட்கிறார். மழை பெய்த மறுநாள் களத்துமேட்டுப் பாதையில் அவர் காரில் போனதில்லை. நம் களிமண் நனைந்தால் டயரின் பள்ளங்களில் அப்பி நிரம்பிவிடும். அப்புறம் அது டயர் இல்லை, எண்ணெய் தடவிய உருளை. நாலு சக்கரமும் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே கிணறு தோண்டும். சேற்று வயலில் டிராக்டருக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறார்களே, அதே காரணம்தான். வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு ஆழமாக இறங்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது எடையை.

ஜிம்னி சுமார் 1200 கிலோ. தார் அதைவிட ஐந்நூறு கிலோவுக்கு மேல் அதிகம். கூர்க்கா இன்னும் கனம், ஆனால் முன்னும் பின்னும் கையால் போடும் டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டு) உண்டு, ஸ்நார்கெல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாய்) கம்பெனியிலேயே வருகிறது. ஐந்து கதவு கூர்க்காவில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நாலு பேர், வாரக்கணக்கில் பயணம் என்றால் அதுதான் சரி. தாரிலும், அதன் ஐந்து கதவு வடிவமான ராக்ஸிலும் ஒரு விஷயம் கவனியுங்கள்: இரண்டுமே பின்சக்கர ஓட்டத்திலும் விற்பனையில் இருக்கின்றன. விலை குறைவாக இருக்கிறதே என்று புக் பண்ணிவிட்டு, சேற்றில் மெதுவாக, பலமாக இழுக்க உதவும் லோ ரேஞ்ச் கியர் எங்கே என்று தேடியவர்கள் உண்டு.

ஜிம்னியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டியும் சுமையும் சேர்த்து 1545 கிலோதான் வரம்பு. வண்டி எடையைக் கழித்தால் மிஞ்சுவது 340 கிலோ சொச்சம். நீங்கள் நாலு பேரும் 230 கிலோ என்று வைத்தால், கூடாரம், தண்ணீர், அடுப்பு, அரிசி எல்லாம் 110 கிலோவுக்குள் அடங்க வேண்டும். பின் சீட்டில் ஆள் இருக்கும்போது டிக்கியில் இரண்டு பை வைத்தாலே நிறைந்துவிடும். நானும் மனைவியும் மட்டும் போவதால் எனக்குச் சரிப்படுகிறது.

இந்தக் கணக்குத் தெரியாமல்தான் ஜிப்சிக்கு இரும்பில் ஒரு மேல் கேரியர் அடித்தேன். பட்டறைக்காரர் "ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார்" என்று சொல்லிச் சொல்லிக் கனமான பைப்பாகப் போட்டுவிட்டார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி தேர் மாதிரி ஆடியது. பாதி மலையில் மனைவி இறங்கி நடக்கிறேன் என்றாள். திரும்பி வந்ததும் அதைக் கழற்றினேன். இப்போது அதில் அவரைக் கொடி படர்ந்திருக்கிறது. ரூஃப் டென்ட் (வண்டிக் கூரையில் விரிக்கும் கூடாரம்) வேண்டும் என்றால், ஓடும்போது கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டிக் கையேட்டில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

காசைப் போட வேண்டிய முதல் இடம் டயர். ரோடு, மண் இரண்டுக்குமான ஆல் டெரெய்ன் போதும். சேற்றுக்கென்றே வரும் மட் டெரெய்ன் சேற்றில் அருமை, தார் ரோட்டில் காது போய்விடும். அளவு மட்டும் கம்பெனி அனுமதித்ததாக இருக்கட்டும். இரண்டாவது, சிகரெட் சாக்கெட்டில் ஓடும் சீனத்துப் பொம்மை இல்லாமல், பேட்டரியில் நேராகக் கவ்வும் காற்றுப் பம்பு. மணலில் 16, 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து மிதக்கும். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும். இதோடு இன்னொன்று: காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும், சாதாரண வேகத்துக்கான நிலை) போடாதீர்கள். முன், பின் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் இந்த மூன்று வண்டியிலும் நடுவில் கிடையாது, திருப்பத்தில் கியர்களெல்லாம் முறுக்கிக்கொள்ளும்.

மூன்றாவது இழுகயிறும், அதைக் கொக்கியில் மாட்டும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையமும். ஒரு மார்கழியில் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வாய்க்கால் கரையில் இறங்கி மாட்டிக்கொண்டேன். டிராக்டர் கொண்டுவந்த அண்ணன், "எங்க தம்பி கட்டுறது?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. பம்பருக்குள் கையை விட்டு ஏதோ ஒரு கம்பியில் கட்டினேன். பம்பர் வந்தது, வண்டி வரவில்லை. வாங்கிய அன்றே இழுக்கும் கொக்கி எங்கே என்று குனிந்து பாருங்கள்.

பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு (க்ராஷ் கார்டு) வேண்டாம். 2017 கடைசியிலேயே, அதை மாட்டிய வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஒன்றிய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஃப்ரிட்ஜ் ஆசை இருந்தால்: 40 லிட்டர் பெட்டி அதன் கம்ப்ரஸர் ஓடும்போது 50 வாட் இழுக்கும், கோடையில் பாதி நேரமாவது ஓடும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். எங்களுக்கு ஐஸ் பெட்டியே போதும்.

எங்கே தங்குவது? தை அறுவடை முடிந்ததும் வயல் காலியாகக் கிடக்கும். வண்டியை அதில் இறக்கிவிடாதீர்கள். அறுப்புக்கு முன்னாலேயே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. திடலையோ தென்னந்தோப்பையோ கேட்டுத் தங்குங்கள், கேட்டால் இளநீரே வெட்டித் தருவார்கள். தோப்பில் மரத்தடியை விட்டு விலகிக் கூடாரம் அடியுங்கள், மட்டை விழும். கொள்ளிடக் கரையில் ராத்திரி நின்றால் மணல் அள்ள வந்தவன் என்று நினைத்து ஊரே டார்ச்சோடு வரும். எனக்கு நடந்திருக்கிறது. வேதாரண்யம் பக்கத்துச் சதுப்பில் மேலே உப்பு ஏடு காய்ந்திருக்கும், கீழே சேறு. அதில் சக்கரம் வைக்கவே வைக்காதீர்கள். கோடியக்கரை சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடற்கரை மணலிலும் ஓட்டாதீர்கள், பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிடும் காலம். கடலோரம் போய் வந்த மறுநாளே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். என் ஜிப்சியின் தளம் துருப்பிடித்து ஓட்டையாகி, காலடியில் ரோடு தெரிந்த பிறகுதான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது.