வீட்டில் அசோக மரம் வளர்க்கலாமா? அதன் மருத்துவப் பயன் என்ன?

வளர்க்கலாம். ஆனால் நீங்கள் நினைப்பது எந்த மரம்? பள்ளிக்கூட மதிலோரம் நெட்டையாக நிற்குமே, அதை அசோகம் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அது நெட்டிலிங்கம்.

நானும் ஏமாந்தவன்தான். தென்காசிப் பக்கம் புளியரையில் வீடு கட்டியபோது, மலை தாண்டிக் கேரளப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் அசோகம் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகு ஆச்சி பார்த்துவிட்டு, "அசோகுன்னா தளிர் துவண்டுல்லா தொங்கும்!" என்றாள்.

அதுதான் அடையாளம். நிஜ அசோகத்தின் புதுத் தளிர் செம்பு நிறத்தில், பிழியாமல் கொடியில் போட்ட துணிபோலத் தொங்கும். அடுத்து வைத்த கன்றில் அதைப் பார்த்து, வாடிவிட்டதென்று பதறி ஒரு குடம் ஊற்றினேன். சில நாளில் தானே பச்சையாகி விறைத்துக்கொண்டது. ஒரே காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள் இருக்கும். பூ, முற்றிய கிளையில் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் விரிந்து சிவக்கும். அதற்கு இதழே கிடையாது. நிறம் காட்டுவது புல்லிதான், மற்றப் பூக்களில் இதழுக்கு அடியில் பெரும்பாலும் பச்சையாக இருக்குமே, அந்தப் பாகம்.

மருந்துக்கு முக்கியம் பட்டை. நல்ல துவர்ப்பு. பெரும்பாட்டுக்கு, அதாவது மாதவிடாயில் அதிகமாக உதிரம் போவதற்கு, பட்டையைப் பாலும் தண்ணீரும் விட்டு, தண்ணீர் வற்றும்வரை காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். ஆயுர்வேதக் கடையில் விற்கும் அசோகாரிஷ்டமும் இந்தப் பட்டையில்தான். ஆனால் உதிரப்போக்குக்குக் காரணம் கட்டியாகவும் இருக்கலாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். பட்டைக்காக வெட்டி வெட்டியே காட்டில் இந்த மரம் அருகிவிட்டது. சந்தையில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பதும் உண்டு, அதனால் உதிரியாக வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நடுவதற்கு விதை புதிதாக இருக்க வேண்டும், எடுத்து வைத்தால் முளைப்பு போய்விடும். ஓர் இரவு ஊறவைத்து ஊன்றுங்கள். கன்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். எங்கள் பக்கத்துச் சாரல் அதற்குத் தோதாக இருக்கிறது. மொட்டை வெயிலில் வைத்தால் இலை கருகும். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பூக்கவே பல வருஷம் ஆகும்.

அப்புறம், மரம் பெரிதானதும் பட்டை கேட்டு ஆள் வருவார்கள். சுற்றி உரிக்க விடாதீர்கள், மரம் பட்டுப்போகும். ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் சிறு துண்டு எடுக்கலாம். நான் அதுவும் கொடுப்பதில்லை. விதை கேட்டால் கை நிறையத் தருவேன்.