தெர்மாகோலும் துடைப்பமும்

கேள்வி: தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். கழித்தல் பாடத்துக்காக இரவெல்லாம் கண்விழித்து தெர்மாகோலில் இடமதிப்பு மரம் செய்துகொண்டு போனேன். பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் பிய்த்துவிட்டார்கள். வகுப்பைக் கட்டுப்படுத்துவது எப்படி?
- பயிற்சி மாணவி, மன்னார்குடி

பதில்: தெர்மாகோல்! 2017இல் வைகை அணையில் மிதக்கவிட்டார்களே, கரை ஒதுங்கியதெல்லாம் எங்கே போயிற்று என்று இன்றுதான் தெரிந்தது. தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கப் போட்டது, தடுக்கவில்லை. பிள்ளைகளின் கவனம் ஆவியாவதை மட்டும் தடுத்துவிடுமா? தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதில் சோறு போட்டால் குற்றம், சூரியக் குடும்பம் செய்தால் மதிப்பெண். அந்தச் சூரியக் குடும்பமாவது உருப்படுமா? பிளேடு வைத்தால் பல் கூசும். ரப்பர் பசை தடவினால் கரைந்து குழி விழும். ஸ்பிரே பெயின்ட் அடித்தால் வியாழன் சொத்தைக் கத்தரிக்காய் ஆகிவிடும்.

எட்டு வயதுப் பிள்ளை முன்னால் ஒன்றை நிறுத்தி, தொடாமல் பார் என்றால் அது துணைக்கருவி இல்லை, உற்சவமூர்த்தி. உங்கள் மரம் பிள்ளைகளுக்காகச் செய்ததா, பாடம் பார்க்க வரும் விரிவுரையாளருக்காகச் செய்ததா?

ஒரு துடைப்பம் வாங்குங்கள். பூந்துடைப்பம் உதவாது, தென்னை ஈர்க்கு வேண்டும். (உங்கள் பக்கம் அதற்கும் பஞ்சம் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கும். தென்னையை இழந்தவனுக்குத் தேங்காய் விலை உயர்ந்தென்ன, தாழ்ந்தென்ன? அது வேறு கதை.) நான்கு விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். ஊசி நுனியை ஒடித்து எறிந்துவிடுங்கள், கண்ணில் குத்தும். 32 பிள்ளைகள் என்றால் நால்வருக்கொரு குழுவாக 8 குழு. குழுவுக்குப் பத்துப் பத்தாக 5 கட்டு, உதிரி 9, ஆக 59 குச்சி. மொத்தம் 472. ரப்பர் பேண்ட் 40.

42இலிருந்து 17. பலகையில் எழுதினால் பாதிப் பேர் 35 என்பார்கள். கவனக்குறைவு இல்லை அது. 2இல் 7 போகாது, 7இல் 2 போகுமே என்று பெரியதிலிருந்து சிறியதை எடுத்துவிடுகிறார்கள். சிவப்பு மையால் சுழித்தால் திருந்தாது. 4 கட்டும் 2 உதிரியும் கையில் கொடுத்து 7 கேளுங்கள். விழிப்பார்கள். விழிக்கட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். யாராவது ஒருவர் ரப்பர் பேண்டை உருவுவார். 3 கட்டு, 12 உதிரி. 7 போக 5, ஒரு கட்டு போக 2 கட்டு. 25. அந்த ரப்பர் பேண்டை உருவுகிற இடம்தான் பாடம். ஒட்டிவைத்த தெர்மாகோலில் அதை உருவ முடியாது, பிய்க்கத்தான் முடியும். பிய்த்தார்கள்.

தயவுசெய்து 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று சொல்லாதீர்கள். இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டாயிற்று. திருப்பித் தராத கடன் என்ன கடன்? அது கடனே இல்லை, சொந்தக் கட்டைப் பிரிக்கிறோம். 'கட்டைப் பிரி' என்றால் போதும்.

கட்டுப்படுத்துவது பற்றித்தானே கேட்டீர்கள்? செய்ய வேண்டியதை முதலில் சொல்லுங்கள், குச்சியைப் பிறகு கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் வாள்சண்டைதான். நீங்கள் கத்துவது யார் காதிலும் விழாது. எண்ணும் எழுத்தும் (அரசுப் பள்ளிகளின் அடிப்படைக் கற்றல் திட்டம்) வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று தொடக்க நிலையிலிருந்து தேர்ந்த நிலை வரை மூன்று நிலைப் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்தப் பாடத்துக்கு மட்டும் கலந்து உட்காரவையுங்கள். குச்சியை அரும்புப் பிள்ளை கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் மலர்ப் பிள்ளை நொடியில் செய்து முடித்துவிடும், மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். முடிவில் ஒவ்வொரு குழுவும் 59ஐ எண்ணித் திருப்பித் தரட்டும். ஒன்று குறைந்தாலும் வகுப்பே தரையில் தேடும். அதற்கு 5 நிமிடம் ஒதுக்கிக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பிய்த்த தெர்மாகோல் துகளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.