கேள்வி – பதில்: ஸ்கெட்ச்அப் இனி பிரவுசரில் மட்டும்தானா?

கேள்வி: மேடம், கொருக்குப்பேட்டையில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கிச்சன் கேபினட், வார்ட்ரோப், லாஃப்ட் கதவு இதுதான் வேலை. ஸ்கெட்ச்அப் மேக் 2017 என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் படம் போட்டுப் பார்ட்டிக்குக் காட்டுவேன். எந்தப் பலகையை எந்த அளவில் வெட்டுவது என்ற கட்டிங் லிஸ்ட்டும் அதிலேயே எடுப்பேன். போன மாதம் லேப்டாப் போய்விட்டது. வேறு ஒன்று வாங்கி, மறுபடியும் இன்ஸ்டால் பண்ணலாம் என்று தேடினால், இலவசம் வேண்டுமென்றால் பிரவுசரில் மட்டும்தான் என்று காட்டுகிறது. பட்டறைக்குத் தகரக் கூரை, உள்ளே நெட் சரியாக எடுக்காது. பழைய படமெல்லாம் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?
— வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் படங்கள் பென்டிரைவில் இருக்கின்றன என்றதும் எனக்குப் பாதி நிம்மதி. போனது மென்பொருள் மட்டும்தான், வேலை போகவில்லை.

மேக் 2017-தான் கணினியில் இன்ஸ்டால் பண்ணக்கூடிய கடைசி இலவச ஸ்கெட்ச்அப். 2017 நவம்பரில், ஸ்கெட்ச்அப்பை வைத்திருக்கும் ட்ரிம்பிள் நிறுவனம் அதற்குப் பதிலாக ஸ்கெட்ச்அப் ஃப்ரீ என்ற இணையப் பதிப்பைக் கொண்டுவந்தது. பிறகு மேக் வரிசையில் புதிய பதிப்பு வரவில்லை. அதற்காக, ஏற்கெனவே போட்டு வைத்திருந்தவர்களின் மென்பொருள் நின்றுவிடவில்லை. என் வீட்டில் விண்டோஸ் 10 கணினியில் இன்றும் அது ஓடுகிறது. எல்லா மென்பொருளுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. டிராஃப்ட்சைட் என்ற இலவச வரைவு மென்பொருளை நம்மூரில் நிறையப் பேர் வைத்திருந்தார்கள். 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு அதன் பழைய இலவசப் பதிப்புகள் திறக்கவே திறக்காது என்று ஆகிவிட்டது. அந்தச் சமயம் என்னிடம் படித்த பையன்கள் அடுத்து என்ன செய்வது என்று கேட்டபடி வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே முதலில் அந்தப் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டு போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். ரிப்பேர் கடையில் அதைக் கழற்றி, யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டுத் தரச் சொல்லுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அன்றைக்கு நீங்கள் இறக்கிய இன்ஸ்டாலர் ஃபைல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டியது. புதிய கணினியில் போட்டதும் முதல் 30 நாள் ப்ரோ என்ற கட்டணப் பதிப்பின் சோதனையாக நடக்கும், அப்புறம் தானாக மேக் ஆகிவிடும். பணம் கேட்கிறதே என்று பதறி அழித்துவிட வேண்டாம். இன்ஸ்டாலர் கிடைக்கவில்லை என்றால், பெயர் தெரியாத தளங்களிலிருந்து மட்டும் இறக்காதீர்கள். அந்த மாதிரி ஃபைலோடு வைரஸும் சேர்ந்து வந்தால், பென்டிரைவைச் செருகும்போது உங்கள் படங்களும் போய்விடும்.

இணையப் பதிப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். கோடு இழுப்பது, வரைந்த பரப்பைப் பிடித்துத் தள்ளி உயரம் கொடுப்பது எல்லாம் கிட்டத்தட்ட அதே கைப்பழக்கம்தான். படங்களை வைக்க 10 ஜிபி இடமும் தருகிறார்கள். ஆனால் உங்கள் தொழிலுக்கு அதில் இடிப்பது கட்டிங் லிஸ்ட். அதைப் போட்டுக்கொடுத்தது ஸ்கெட்ச்அப் இல்லை, நீங்கள் தனியாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல். அவை ரூபி மொழியில் எழுதப்பட்டு, டெஸ்க்டாப் பதிப்புக்குள் ஓடுபவை. இலவச இணையப் பதிப்பில் அவற்றைச் சேர்க்க வழியில்லை. டேப் கருவியை வைத்து ஒவ்வொரு பலகையாக அளந்து நோட்டில் எழுதலாம்தான். இரண்டு ஷட்டர் வார்ட்ரோபுக்கு அது சரி, முழு கிச்சனுக்கு முடியுமா?

கட்டிங் லிஸ்ட் இல்லாமல் ஆள் எப்படி மாட்டிக்கொள்வார் என்பது உங்களுக்கே தெரியும். என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ப்ளை ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440-க்கு 1220 மில்லிமீட்டர். ரம்பம் ஒரு வெட்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் தின்னும். வார்ட்ரோபின் பக்கப் பலகை 600 அகலம் என்றால் 1220-இல் இரண்டு பட்டை எடுத்து, வெட்டும் போக 17 மில்லிமீட்டர் மிஞ்சும். பார்ட்டி கொஞ்சம் ஆழமாக இருக்கட்டுமே என்று சொல்லி 610 ஆக்கிவிட்டால், இரண்டு பட்டைக்கே 1220 போய்விடும், ரம்பத்துக்கு இடமில்லை. ஒரு ஷீட்டுக்கு ஒரு பட்டைதான் தேறும். 10 மில்லிமீட்டரில் ஷீட் கணக்கே இரண்டு மடங்காகிவிடும். அதே மாதிரி வெளி அகலம் 900 உள்ள பாக்ஸில் 18 மில்லிமீட்டர் ப்ளை இரண்டு பக்கமும் போனால் உள் தட்டு 864. இதை அவசரத்தில் 882 என்று எழுதிக் கொடுத்து, வெட்டி வந்த தட்டெல்லாம் உள்ளே போகாமல் நின்ற பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். வால்டாக்ஸ் ரோட்டில் ஷீட் ஏற்றுவதற்கு முன்னால் லிஸ்ட் கையில் இருந்தே ஆக வேண்டும். அதனால்தான் டெஸ்க்டாப்பை விட்டுவிடாதீர்கள் என்று உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் நான் கொடுத்த பதில் முழுசாகாது. மேக் ஆனாலும் ஃப்ரீ ஆனாலும் சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். கூலி வாங்கும் வேலைக்கு அவர்கள் விதிப்படி கட்டணப் பதிப்பு வேண்டும். அதில் கோ என்ற கட்டணப் பதிப்பு இணையத்திலும் ஐபேடிலும் ஓடும். எக்ஸ்டென்ஷன் வேண்டுமானால் ப்ரோவுக்குத்தான் போக வேண்டும். ஒரே தடவை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வசதியும் 2020 நவம்பரோடு நின்றுவிட்டது, இப்போது சந்தாதான். உங்கள் பட்டறைக்கு அது கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கட்டுப்படியாகாது என்றால் ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. தொழிலுக்கும் இலவசம், மூல நிரலும் திறந்தது, நெட் இல்லாமலே ஓடும். பல வருஷம் பொறுமையாக வளர்த்து, 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பை வெளியிட்டார்கள். மரவேலைக்கென்றே வுட்வொர்க்கிங் என்ற சேர்க்கை ஒன்று அதற்கு உண்டு, பலகை அளவுப் பட்டியலையும் அது தரும். ஸ்கெட்ச்அப் மாதிரி முதல் நாளே கை ஓடாது, ஒத்துக்கொள்கிறேன். ஸ்கெட்சு போட்டு, அதற்கு அளவு கட்டி, பிறகுதான் கனம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அளவுகளை ஒரு அட்டவணையில் எழுதிக் கட்டிவிட்டால், ஆழத்தை 600-இலிருந்து 560 ஆக்கும்போது பக்கப் பலகை, தட்டு, அடிப்பலகை எல்லாம் தானே மாறும். ஒரே மாதிரி பாக்ஸை வீட்டுக்கு வீடு அளவு மாற்றிச் செய்யும் உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழைய படங்கள் எல்லாவற்றையும் மாற்ற உட்காராதீர்கள். ஸ்கெட்ச்அப்பின் எஸ்கேபி ஃபைலை ஃப்ரீகேட் நேரடியாகத் திறக்காது. எஸ்டிஎல் என்ற பொதுவான முப்பரிமாண ஃபைலாக எடுத்துப் போட்டால் உருவம் வரும், ஆனால் பலகை பலகையாகத் திருத்த வராது. அடிக்கடி செய்யும் நாலைந்து மாடலை மட்டும் புதிதாக வரையுங்கள். மற்றவற்றுக்கு எஸ்கேபி ஃபைலோடு கூடவே, அளவு எழுதிய படம் ஒன்றையும் கட்டிங் லிஸ்ட்டையும் சேர்த்து வையுங்கள். மென்பொருளே இல்லாவிட்டாலும் அதைப் பார்த்து வேலை நடக்கும். இடையில் இணையப் பதிப்பிலும் வேலை செய்வீர்களானால், அங்கே ஏற்றுவது நகலாக மட்டும் இருக்கட்டும். புதிய வடிவத்தில் சேமித்த ஃபைலை மேக் 2017 திறக்காது. அப்புறம், பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இரண்டாவது நகல் போட்டு வீட்டில் வையுங்கள், பட்டறையில் வேண்டாம்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த இலவச மென்பொருளை ஏன் இப்படி இணையத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்?
— வாசகர், எண்ணூர்

பதில்: ஸ்கெட்ச்அப் 2000-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்தது. 2006-இல் கூகுள் வாங்கி இலவசமாக விட்டது, கூகுள் எர்த்துக்கு ஊர் ஊராகக் கட்டடங்களை ஜனங்களே வரைந்து தரட்டும் என்பது அதில் ஒரு நோக்கம். 2012-இல் ட்ரிம்பிள் கைக்குப் போனது. அளவைக் கருவிகளும் கட்டுமான மென்பொருளும் விற்கும் நிறுவனம் அது, ஸ்கெட்ச்அப்பை விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும். விண்டோஸுக்கு ஒன்று, ஆப்பிளின் மேக் கணினிக்கு ஒன்று என்று இலவசப் பதிப்பைத் தனியாகப் பராமரிப்பதைவிட, பிரவுசரில் ஒன்றை வைத்துக்கொண்டால் திருத்தம் எல்லோருக்கும் ஒரே நாளில் போய்விடும். யார் பயன்படுத்துகிறார்கள் என்றும் தெரியும், சந்தாவுக்கு அழைக்கவும் வசதி. இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் இலவசம் என்று கொடுத்து ஒரு தலைமுறைக்கே கை பழக்கியவர்கள், கடைசிப் பதிப்பையாவது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் பெரிதாக வந்துவிடாது.

கேள்வி: அக்கா, நான் மணலியில் இருக்கிறேன், டிப்ளமோ சிவில் முதல் வருஷம். வீட்டில் அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான். நான் பிரவுசரில் கற்றுக்கொண்டால் போதுமா?
— மாணவி, மணலி

பதில்: தாராளமாகப் போதும் அம்மா. மேலே அந்தப் பட்டறை அண்ணனுக்குச் சொன்னதைப் பார்த்துப் பயந்துவிடாதே. தொழில் நடத்துபவரின் தேவை வேறு, கற்பவளின் தேவை வேறு. உனக்கு இணையப் பதிப்பு வரம்தான். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், கல்லூரி லேபில் பாதி வரைந்ததை வீட்டில் தொடரலாம். 2011-இல் தொடங்கிய அந்த லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்த்துக் கொடுத்தார்கள், அது நம்ம சென்னையில் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கில் உருவானது. லினக்ஸுக்கு ஸ்கெட்ச்அப் டெஸ்க்டாப் பதிப்பு எப்போதுமே கிடையாது. பிரவுசரில் வந்த பிறகு லினக்ஸ்காரர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது.

லேப்டாப் பழசாக இருப்பதால் பிரவுசரும் பழசாக இருக்கும். முதலில் அதைப் புதுப்பித்துக்கொள். முப்பரிமாணப் படத்தை வெப்ஜிஎல் என்ற வசதியை வைத்துத்தான் அது காட்டுகிறது, ரொம்பப் பழைய பிரவுசரில் வெறும் வெள்ளைத் திரைதான் வரும். வரையும்போது பிரவுசரில் வேறு பக்கம் எதுவும் திறந்து வைக்காதே. அதற்கும் திணறினால் டிங்கர்கேடில் ஆரம்பி. அதுவும் பிரவுசரில்தான் ஓடும், இன்னும் எளிது.

உங்கள் வீட்டு மாடிப்படியையே முதல் வேலையாக எடுத்துக்கொள். டேப் வைத்து ஒவ்வொரு படியின் உயரத்தையும் அகலத்தையும் அள. எல்லாம் ஒரே அளவாக இருக்காது, மேலே கடைசிப் படி பெரும்பாலும் மாறும். அந்த வித்தியாசத்தோடேயே வரை. முடித்ததும் ஃபைலை உன் கணினியில் இறக்கி, தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வை. சந்தேகம் வந்தால் அடுத்த இதழுக்கு எழுது, படத்தையும் அச்செடுத்துச் சேர்த்து அனுப்பு.