காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா ஜீன் (மரபணு) சேர்த்த பி.டி. கத்தரி வந்தால் வேலியோரச் சுண்டைக்கும் கண்டங்கத்தரிக்கும் அந்த ஜீன் பரவிவிடுமா?

அந்த இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். எங்கள் செட்டிநாட்டில் ஒரே கோயில் பங்காளிகளுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். செடிகளில் கணக்கு தலைகீழ். சொந்தம் நெருங்க நெருங்கத்தான் சம்பந்தம் கூடும். சுண்டையும் கண்டங்கத்தரியும் கத்தரிக்குத் தூரத்து உறவு. சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக் கட்டினால் நன்றாகக் காய்க்கும், ஆனால் ஒட்டு வேறு, மகரந்தம் வேறு. ஆய்வகத்தில் பாடுபட்டுச் சேர்த்தாலும் பிறப்பது பெரும்பாலும் மலடு.

கவனிக்க வேண்டியது காட்டுக்கத்தரி. தரிசில் முள்ளும் முடியுமாக நின்று, சின்ன உருண்டைக் காய் பழுத்து மஞ்சளாகுமே, அது. அது கத்தரியோடு சேரும், பிறக்கும் செடியும் விதை பிடிக்கும். ஜீன் போனால் களையாகப் பெருகுமா என்பது வேறு கேள்வி. பி.டி. ஜீன் கொல்வது காய்ப்புழுவை. அந்தப் புழுவால்தான் காட்டுச்செடி இதுவரை அடங்கிக் கிடந்தது என்றால் மட்டுமே அதற்கு லாபம்.

பருத்தியிலும் இதே கதைதான். 2002ல் இங்கே அனுமதித்த பி.டி. பருத்திக்கு குரோமோசோம் 52, நம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு 26, கணக்குப் பொருந்தாததால் எளிதில் சேராது. மெக்சிகோவிலோ காட்டுப் பருத்தியும் அதே இனம், அங்கே ஜீன் போயிருப்பதைக் கண்டுபிடித்தே விட்டார்கள்.

என் கவலை காட்டைவிட எங்கள் பின்கட்டைப் பற்றியது. கிணற்றடியில் அப்பத்தா கோசமல்லிக்கென்றே (கத்தரியை மசித்துச் செய்யும் எங்கள் ஊர்க் குழம்பு) வைத்திருந்த பச்சைக் கத்தரிக்குப் பக்கத்தில் நான் ஊதாக் கத்தரி நட்டேன். கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சின்ன ஓட்டைதான் இருக்கும். தேனீக்கு அதைத் திறக்கும் வித்தை வராது. கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து 'ர்ர்ர்' என்று அதிரவிட்டால் மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். அடுத்த வருஷம் பச்சைக் காயின் விதையில் முளைத்த பன்னிரண்டில் இரண்டு செடி ஊதாவாகக் காய்த்தது. "ஏன்டா, விதையைக் கெடுத்துட்டியே" என்றார் அப்பத்தா.

அது நிறம், கண்ணுக்குத் தெரிந்தது. பி.டி. ஜீன் அப்படித் தெரியாது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்தது. பங்களாதேஷ் 2013ல் அனுமதித்துவிட்டது. நாளை இங்கேயும் வந்தால், விதை எடுத்து வைக்கும் வீடுகளில்தான் முதலில் கலக்கும்.

விதைக்கு விடும் மொட்டை விரியும் முன்பே துணிப் பையால் கட்டிவிடுங்கள். கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும். நான் அப்பத்தாவின் பழைய சேலைத் துணியில் தைத்து வைத்திருக்கிறேன், ஆறு பை.