மெர்சோ பாட்டிலைத் திறக்கலாமா, வைக்கலாமா?

கேள்வி: பாரிஸில் ஆறாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறேன். முதலாளி ஒரு வெள்ளை ஒயின் பரிசளித்தார். லேபிளில் ஒரு குடும்பப் பெயர், ‘மெர்சோ’, 2020 என்று இருக்கிறது; ஷார்டனே என்ற திராட்சை வகையின் பெயர் எங்கும் இல்லை. “பிரீமியர் க்ரூ இல்லை, வெறும் வில்லேஜ்தான்” என்று நண்பர் உதட்டைப் பிதுக்கினார். அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ கிடக்கிறது. கெட்டுவிட்டதா? பத்து வருடம் வைத்தால் ருசி கூடுமா?

பதில்: கெடவில்லை. அந்தத் தூள் திராட்சையிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிர் பட்டால் படிகமாக இறங்கும். பெரிய கம்பெனிகள் பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே குளிரூட்டி இதை எடுத்துவிடுவார்கள். சிறிய குடும்பத் தோட்டக்காரர்கள் பலர் மெனக்கெடுவதில்லை. பாட்டிலைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்து, நிதானமாக ஊற்றினால் போதும்.

ஷார்டனே என்று போடாததும் வழக்கம்தான். மெர்சோ என்பது பிரான்ஸின் பர்கண்டி ஒயின் பகுதியில் உள்ள ஓர் ஊர்; அங்கே ஊர்ப் பெயர்தான் முன்னால் நிற்கும். வெள்ளை மெர்சோ என்றால் நடைமுறையில் ஷார்டனேதான்.

இனி உங்கள் நண்பரின் ‘வெறும்’. அங்கே தரவரிசை நான்கு படி: பொதுவான பூர்கோன் (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்), அதற்கு மேல் கிராமம் (நண்பர் சொன்ன வில்லேஜ்), பிரீமியர் க்ரூ, உச்சியில் கிராண்ட் க்ரூ. மெர்சோவில் கிராண்ட் க்ரூ தோட்டமே கிடையாது. பெரியேர், ஷார்ம், ஜெனவ்ரியேர் போன்ற பிரீமியர் க்ரூக்கள் குன்றுச் சரிவின் நடுப்பகுதியில் இருக்கின்றன; கிராமத் தர நிலம் அவற்றுக்குக் கீழேயும் இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. மேலே இருப்பதில் நார்வோ, தில்லே என்ற துண்டு நிலங்கள் கிராமத் தரம்தான், ஆனாலும் நல்ல பெயர் பெற்றவை. உங்கள் லேபிளில் அப்படி ஒரு நிலத்தின் பெயர் இருந்தால் நண்பரிடம் காட்டுங்கள். அக்கறையில்லாதவர் செய்த பிரீமியர் க்ரூவைவிட, கெட்டிக்காரக் குடும்பம் செய்த கிராம ஒயினையே நான் எடுப்பேன்.

அதனால் பார்க்க வேண்டியது யார் செய்தது என்பதை. ‘மீ ஆன் பூத்தேய் ஓ டொமேன்’ என்ற வரி இருந்தால் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது. ஒன்று கவனியுங்கள்: பிரெஞ்சு வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சொத்து பிரிந்து பிரிந்து, அந்த ஊரில் ஒரே குடும்பப் பெயரில் பல தோட்டங்கள் இருக்கின்றன. இணையத்தில் தேடும்போது முதல் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். பங்காளியின் ஒயினுக்கு எழுதிய விமர்சனத்தைப் படித்து ஏமாறாதீர்கள்!

வைக்கலாமா? வேண்டாம், திறந்துவிடுங்கள். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பர்கண்டி வெள்ளை ஒயின்களில் ஒரு தொல்லை: சில பாட்டில்கள் வயதுக்கு முன்பே பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் வாசனை அடிக்கும். கார்க், பிழியும் முறை, ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபரைக் குறைத்தது என்று பல காரணம் சொல்கிறார்கள். நிலைமை இப்போது பரவாயில்லை. ஆனாலும் பாதாள அறை இல்லாத ஃப்ளாட், பாரிஸின் கோடை வெயில் இரண்டும் சேர்ந்தால் கிராமத் தர ஒயினைப் பத்து வருடம் வைப்பது வீண் சூதாட்டம். 2020 நல்ல வெயில் அடித்த வருடம். பல தோட்டங்களில் ஆகஸ்டிலேயே அறுவடை. ஒயின் இப்போதே குடிக்கும் பதத்தில் இருக்கும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள்; 12 டிகிரி அளவில் இருந்தால் சரி. சில்லென்று குடித்தால் ஓக் பீப்பாயில் ஈஸ்ட் வண்டலோடு கிடந்து வந்த வெண்ணெய், ஹேசல்நட் மணமெல்லாம் அமுங்கி, புளிப்பு மட்டுமே நாக்கில் படும். கிளாஸ் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.

வெண்ணெயில் பொரித்த மீன், அடுப்பில் வாட்டிய கோழி, கோம்தே சீஸ் எல்லாம் பொருந்தும். நம் வீட்டுச் சமையல்தான் என்றால் மிளகாய் குறைத்த தேங்காய்ப்பால் மீன் சொதி நன்றாகவே போகும். நண்டு வறுவலுக்கு வேண்டாம், அந்தக் காரத்தில் ஒயின் கசக்கும். அப்புறம், மீதமிருந்தால் கார்க்கைத் திருப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு நாள் தாங்கும்.