விதைத்தவர்கள் பொய்யர்கள் என்றால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். அராக்கிஸ் என்ற பாலைவனக் கோளில் வாழும் ஃப்ரெமன் மக்கள், 'லிசான் அல்-கயிப்' என்ற மீட்பன் வெளியுலகிலிருந்து வருவான் என்று காத்திருக்கிறார்கள். அந்தத் தொன்மம், பெனே ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பு தன் பாதுகாப்புக்காக முன்பே பரப்பி வைத்தது என்று நாவலே சொல்லிவிடுகிறது. பிறகு நாவலின் நாயகன் பால் அட்ரெய்டிஸ் வந்ததும் அது அப்படியே பலிக்கிறது. பொய் என்று காட்டிவிட்டு மெய்யாக்குவது முரண் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. 1965இல் வந்த அந்த நாவலின் உயிர்நிலையிலேயே கைவைத்திருக்கிறீர்கள்.

பெனே ஜெஸரிட்டைச் சேர்ந்தவளும் பாலின் தாயுமான ஜெசிகாவும் ஃப்ரெமன் பணிப்பெண் மேப்ஸும் சந்திக்கும் இடத்தை மறுபடி படியுங்கள். அந்தப் பாலையில் வாழும் ராட்சத மணற்புழுவின் பல்லில் செய்த கத்தியைக் காட்டி, இதன் பொருள் தெரியுமா என்று மேப்ஸ் கேட்கிறாள். தவறாகச் சொன்னாலும் ஆபத்து, தயங்கினாலும் ஆபத்து. 'சாவை உண்டாக்குவது' என்று சொல்ல நினைக்கிறாள் ஜெசிகா. ஆங்கில வாக்கிய அமைப்பில் 'மேக்கர்' (உண்டாக்குவது) என்ற சொல் முன்னால் வந்துவிடுகிறது. அதற்குள் மேப்ஸ் ஓலமிடுகிறாள். மணற்புழுவுக்கு ஃப்ரெமன்கள் இட்ட பெயர் அது! துக்கமும் பூரிப்பும் கலந்த ஓலம். ஜெசிகா தன் அமைப்பு விதைத்ததை அறிந்தே பயன்படுத்துகிறவள்தான். ஆனாலும் அந்தச் சொல் அவள் கணக்கில் இல்லாதது. பாதியில் நின்ற வாக்கியத்தைக் கேட்டவளே முடித்துக்கொண்டாள். எத்தனை முறை படித்தாலும் அந்த ஓலம் என்னை உலுக்கிவிடுகிறது.

சூழலியலாளர் கைன்ஸுக்கும் இதே அனுபவம். உடலின் ஈரத்தைச் சேமிக்கும் பாலை உடையைப் பால் யாரும் சொல்லித்தராமல் சரியாக அணிந்திருக்கிறான், கணுக்காலில் காலணியைப் பொருத்திய விதம்வரை. மீட்பன் உங்கள் வழக்கங்களைப் பிறவியிலேயே அறிந்தவன் போலிருப்பான் என்ற பழைய வாக்கு அந்த அறிவியலாளரின் மனத்தில் ஓடிவிடுகிறது.

பெனே ஜெஸரிட் விதைத்தபோது, ஆபத்தில் சிக்கும் தங்கள் பெண் ஒருத்திக்கு அடைக்கலம் கிடைத்தால் போதும் என்றுதான் எண்ணினார்கள். ஆனால் அராக்கிஸை முன்பு ஆண்ட ஹார்கோனன் குடும்பத்தின் கொடுமையில் 80 ஆண்டுகள் கிடந்த மக்கள் அதைத் தங்கள் கண்ணீரை ஊற்றி வளர்த்துவிட்டார்கள். விதை யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் காத்திருப்பைக் கைவிட்டிருப்பார்களா? கைவிட்டிருக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.

பலித்தது என்கிறீர்கள். என்ன விலைக்கு என்பதையும் ஹெர்பர்ட் எழுதியிருக்கிறார். 1969இல் வந்த அடுத்த நாவலில், தன் பெயரால் நடந்த போரில் மாண்டவர்கள் 6,100 கோடி என்று பாலே கணக்குச் சொல்கிறான். அந்த எண்ணை மனம் தாங்கிக்கொள்கிறது. அவ்வளவு பெரிய எண்ணில் முகங்கள் தெரிவதில்லை. ஸ்டில்கரைத்தான் தாங்க முடியவில்லை. பாலைவனத்தில் பாலுக்கு அடைக்கலம் தந்தவன், படைத்தலைவன், சமமாக நின்று பேசியவன். முதல் நாவலின் முடிவுக்கு அருகில், தன் முன்னால் நிற்பது நண்பன் இல்லை, வழிபடுகிறவன் என்று பால் கண்டுகொள்கிறான். அதன் பிறகு அவனால் ஸ்டில்கரிடம் எதையும் மனம்விட்டுப் பேச முடியாது.

அன்புடன்.