ஒருநாள் கருத்தரங்குக்குக் காசு சேர்க்க முன்

வணக்கம் அண்ணா. உப்புவெளியில் உங்கள் மகனின் பாடசாலையில் தரம் 8 பிள்ளைகளுக்கு ஒருநாள் போதைத் தடுப்புக் கருத்தரங்கு வைக்க அபிவிருத்திச் சங்கம் காசு சேர்க்கிறது, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அதன் பலன் நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒருநாள் என்றால் நிற்காது. அமெரிக்காவில் பொலிஸ்காரர் பாடசாலைக்கு வந்து போதைத் தடுப்பைப் படிப்பிக்கும் 'டேர்' (D.A.R.E.) திட்டம் 17 வாரப் பாடம். ஆறாம் வகுப்பில் அதைப் படித்தவர்களை 20 வயதில் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். போதைப் பாவனையில், வழக்கமான சுகாதாரப் பாடம் மட்டும் படித்தவர்களிலிருந்து வித்தியாசமே இல்லை என்று 1999இல் எழுதினார்கள். பதினேழு வாரத்துக்கே அந்தக் கதி!

நியூயோர்க்கில் பொட்வின் என்ற ஆய்வாளரின் குழு வேறு வழியில் போனது. ஏழாம் வகுப்பில் 15 பாடம், அடுத்த இரண்டு வருடமும் மீட்டல். பயத்தையும் பதற்றத்தையும் சமாளிப்பது, கூட்டாளி வற்புறுத்தினால் மறுப்பது, இவைதான் பாடமே. பன்னிரண்டாம் வகுப்பு முடிவிலும் புகைத்தலும் குடியும் குறைந்திருந்தன (1995). பாடத்தை ஒழுங்காக முடித்த பிள்ளைகளில் பலன் இன்னும் அதிகம்.

அதனால் மேடை, பனர், சிற்றுண்டிச் செலவை விடுங்கள். பிள்ளைகளோடு ஒட்டுதலான ஒரு ஆசிரியருக்குப் பயிற்சியும் கிழமைக்கு ஒரு பாடவேளையும் கேளுங்கள். ரியூஷன் விட்டு வரும்போது ஒருவன் பாபுல் (புகையிலை கலந்த மெல்லும் பாக்கு) பைக்கற்றை நீட்டி "ஒருக்காப் போட்டுப் பார் மச்சான்" என்கிறான், பதில் என்ன? வகுப்பில் நடித்துப் பழகட்டும். முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம், 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பக்கத்துக் கடைக்காரரிடம் சங்கமே போய்ப் பேசலாம், செலவும் இல்லை.